தேத்தண்ணி நானாவின் நாக்கு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். பல் சொத்தையாகாமல் இருக்கக் குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் வட்டாரத்தில் ஓர் எதிர்ப்புக் கூட்டம் போட்டார்கள். அதில் எழுந்து அரைமணி நேரம் முழங்கியவன் நான். “எங்கள் பற்களை நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்று மேசையைக் குத்தியபோது மேல்வரிசைப் பல்செட்டு கழன்று தலைவரின் காப்பிக் கோப்பையில் விழுந்தது. கீழ்வரிசையும் வாங்கியதுதான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காப்பியை மட்டும் தலைவர் தொடவில்லை.

தண்ணீரில் யார் எதைக் கலந்தாலும் எனக்கு ஆவேசம் வருவதற்கு ஒரே மனிதர்தான் காரணம். தேநீர்க்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், தேத்தண்ணி நானா. மலாக்காவில் ஜப்பான்காரர்களை எதிர்த்தவர்கள் சிலர் உண்டு. ஒரு கிணற்றையே எதிர்த்து நின்றவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் பொதுக் கிணற்றுக்கு எதிரே அவர் கடை. இயற்பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். ஜப்பான் காலத்தில் தேயிலை கிடையாது. மரவள்ளித் தோலைக் கருக வறுத்துக் கொதிக்கவைப்பார். பால் கிடையாது; தேங்காய்ப்பால். சீனி கிடையாது; அதற்குப் பதில் நானாவின் பேச்சு. குடிக்கிறவன் முகம் சுளித்தால் போதும், பிடித்துக்கொள்வார். “தேயில பொய், பாலு பொய். தண்ணி ஒண்ணுதான் தம்பி என் கடையில நெசம். அதுல எவனையும் கைவைக்க விடமாட்டேன்.”

கைவைத்தார்கள். வாந்திபேதி பரவாமல் இருக்கக் கிணற்றில் வெள்ளைப் பொடி போடும்படி உத்தரவு வந்தது. தினமும் காலையில் டப்பாவும் கையுமாக வந்தவர் நகராட்சிச் சுகாதாரத் தொழிலாளி முனியாண்டி அண்ணன். வாயில்லாப் பூச்சி. நானாவின் ஏச்சுகளை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டு, பொடியைக் கொட்டிவிட்டுப் போவார்.

அது ஜப்பான்காரர்கள் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்த சமயம். லோரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. நானா இரண்டையும் முடிச்சுப் போட்டார். அது மயக்கப் பொடியாம். ஒருமுறை குடித்தால் எதற்கும் தலையாட்டத் தோன்றுமாம். விடாமல் குடித்தால் ஆள் தானாகவே போய் லோரியில் ஏறி உட்கார்ந்துகொள்வானாம். சாட்சிக்கு ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியைக் காட்டினார். ஜப்பான்காரரைக் கண்டால் அவர் இடுப்பு ஒடியக் குனிகிறாரே, அது எதனால்? குனியாவிட்டால் அறை விழும், அதனால் ஊரே குனிந்தது என்பதை நானா கணக்கில் சேர்க்கவில்லை.

தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிகள் மலாயில் விசாரித்தார்கள், சீனர்கள் தங்கள் பாஷையில் விசாரித்தார்கள். வதந்திக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கிணற்றடி வெறிச்சோடியது, ஊர் மழைத்தண்ணீருக்கு மாறியது. அப்போது இளவட்டமாக இருந்த நானும் தாழியில் நெளிந்த கொசுப் புழுக்களை வேட்டியால் வடிகட்டிவிட்டுக் குடித்து என் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். வயிறும் தன் பங்குக்குச் சுதந்திரமாகவே நடந்துகொண்டது.

சேதி மேலிடத்துக்குப் போய்விட்டது. ஒரு காலையில் ஜப்பான் அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு லோரி. கடைப் பெஞ்சில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வைத்து, ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் மழைத்தண்ணீரும் ஊற்றும்படி முனியாண்டி அண்ணனுக்கு உத்தரவு. எது எதில் என்று தெரியாமல் இருக்க நானாவைத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். மருந்துத் தண்ணீரைச் சரியாகக் காட்டினால் நானா பிழைத்தார். தவறினால் ஊரைக் கெடுத்த பொய்யன். லோரியில் இடம் காலியாக இருந்தது.

நானா இதில் ஒரு மிடறு குடித்தார், அதில் ஒரு மிடறு. மறுபடியும் இதில், மறுபடியும் அதில். நெற்றியில் வேர்வை பூத்தது. தலையைத் தூக்கி முனியாண்டி அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் கைகள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

நானா ஒரு சிரட்டையைத் தள்ளிவிட்டு, வேப்பெண்ணெய் குடித்தவர்போல் முகத்தைக் கோணிக்கொண்டு காறித் துப்பினார். “இதான். கொடலு எரியுது.”

சரியாகத்தான் காட்டியிருந்தார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நல்ல நாக்கை வீணாக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று: இனிமேல் தினமும் காலையில் ஊர் பார்க்க முதல் சிரட்டையை நானா குடிக்க வேண்டும், அவர் விழாமல் நின்றால் மற்றவர்களும் குடிக்க வேண்டும். லோரி காலியாகவே திரும்பியது.

மறுநாள் நானா குடித்தார். நன்றாக இருக்கிறதென்று உரக்கச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“குடிக்கச் சொன்னீங்க, குடிச்சேன். நல்லாருக்குன்னு என் வாயால வராது.”

கன்னத்தில் அறை விழுந்தது. அடுத்த நாளும் கேட்டார்கள். அடுத்த நாளும் வரவில்லை. அறைந்து அறைந்து அலுத்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஊர் பழையபடி கிணற்றுத் தண்ணீர் குடித்தது. என் வயிறும் ஒழுங்குக்கு வந்தது.

ஜப்பான்காரர்கள் போன பிறகு நானாவிடம் கேட்டேன், அன்றைக்கு எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள் என்று. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

“ரெண்டும் ஒரே ருசிதான் தம்பி. மருந்து எப்பவோ தீந்துபோயிருக்கு, முனியாண்டி பயத்துல மரவள்ளி மாவக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கான். மருந்தே இல்லன்னு நான் சொன்னா அவனையில்ல லோரியில ஏத்துவாங்க? புள்ளகுட்டிக்காரன். அல்லா விட்ட வழின்னு ஒண்ணக் காட்டினேன்.”

தினமும் ஏசிய ஆளுக்காகத் தன்னையே சயாமுக்குப் பணயம் வைத்திருக்கிறார். வெளியே மூச்சுவிடக் கூடாதென்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அவர் மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை நானும் காப்பாற்றினேன்.

அந்த ஃபுளோரைடு கூட்டம் நடந்த மறுநாள் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் முனியாண்டி அண்ணனைத் தற்செயலாகப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்துவிட்டார். இனியும் மறைப்பது பாவம் என்று தோன்றியது. முழுவதையும் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

“மருந்து எங்க தம்பி தீந்துச்சு? கடைசிவரைக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னிக்குக் கை ஆடுனது மலேரியாக் காய்ச்சல்ல.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தங்கமான மனுசன். ருசிதான் தெரியாது.”