தண்ணீர் டேங்கடியில் விஞ்ஞானப் பாடம்

பொகவந்தலாவை,
ஞாயிறு மாலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் சோலைமலை அவர்களுக்கு,

உங்கள் தங்கை மீனம்மாவின் கணவன் பொன்னையா எழுதிக்கொள்வது. இங்கே மழைக்கும் எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை. கொழும்பு வெயிலில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம், போன் என் கைக்கு வருவதே இல்லை.

நம் மகள் நிஷாந்தியின் பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது என்று நான் புலம்பியதற்கு, சித்திரைக்கு வந்தபோது நீங்கள் போனில் அந்த ஏஐ-யைப் போட்டுக் கொடுத்து, "இனி புள்ள தானா படிச்சிக்கும்" என்றீர்கள். பிள்ளை தானாகத்தான் படிக்கிறது மச்சான், நான்தான் தேய்கிறேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் இல்லை, மேலே தண்ணீர் டேங்கடியில்தான் வருகிறது. தேயிலைப் பெக்டரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, தேத்தண்ணி குடிக்கும் முன்பே குடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறுகிறேன். அவள் போனைப் பிடிக்க, நான் குடையைப் பிடிக்க, அட்டை என் காலைப் பிடிக்கிறது. விடையை நேரே சொல்லாதே, கேள்வி கேட்டே சொல்லிக்கொடு என்று நீங்கள்தான் அதற்கு உத்தரவு போட்டீர்களாம். அந்தப் பழக்கம் பிள்ளைக்கும் தொற்றிவிட்டது. "சோறு ஆக்கியாச்சா?" என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க அப்பா?" என்கிறாள். நான் என்ன நினைக்க, பசிதான்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். தவணைப் பரீட்சைக்கு முன்னால் அது தவளையின் இதயத்துக்கு நாலு அறை என்று சொல்லியிருக்கிறது. பிள்ளையும் அப்படியே எழுதி, புள்ளியை விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாள். புத்தகத்தில் மூன்று அறைதான் இருக்கிறது என்று போனிடம் கேட்டால், "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி" என்கிறது. எனக்குப் பாடம் சொன்னவர்கள் யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, அதுவரை மரியாதைதான். ஆனால் பெரிய பரீட்சையில் கவிழ்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்றிலிருந்து அவள் யாரையும் நம்புவதில்லை. போன் எதைச் சொன்னாலும் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அது தேவலை. கணக்குப் பாடத்தோடு விஞ்ஞானத்தையும் சுமக்கும் அன்டன் சேரிடமும், "எதை வச்சு சேர் சொல்றீங்க?" என்று வகுப்பில் எழுந்து கேட்டிருக்கிறாள். சேர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "சின்னப் புள்ள சேர், மன்னிச்சிருங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "புள்ள கேட்டதுல தப்பில்லங்க. நானே முதல் நாள் வாசிச்சிட்டு வந்துதான் படிச்சிக் கொடுக்கிறேன். அந்த டேங்க்கு எங்கங்க இருக்கு?"

இப்போது அவரும் ஏறி வருகிறார். அவரும் பிள்ளையும் புத்தகத்தை விரித்துவைத்துப் போனோடு சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு இரண்டு குடை. நேற்று உருளைக்கிழங்கை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கறிக்கு வைத்திருந்ததையும் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகவே மச்சான், தயவுசெய்து கொழும்பிலிருந்தபடியே அந்த ஏஐ-யை நிறுத்திவிடுங்கள். முடியாவிட்டால் அடுத்த முறை வரும்போது போனையே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் தங்கைக்கும் இதே எண்ணம்தான். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. அக்காவுக்கு வணக்கம். உங்கள் குடும்பத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்காமல் எல்லோரும் நீடு வாழ்க.

இப்படிக்கு,
களைத்துப்போன மைத்துனன்,
பொன்னையா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. காலையில் உங்கள் தங்கையின் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிங்களம் தெரியாத அவருக்காக வழக்கம்போல நான் சொல்லப்போக, அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, எங்கே வலி, எப்போதிருந்து வலி என்று டாக்டரிடம் தானே சிங்களத்தில் சொன்னார். டாக்டரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, "எப்படிம்மா?" என்றேன். "புள்ள பள்ளிக்கூடம் போனதும் அந்தப் போனை நான்தான் மலைக்குக் கொண்டு போறேன். அதுதான் சிங்களம் சொல்லித் தருது. கொழுந்து எடுக்கிற எடத்துல சிக்னல் நல்லா இருக்குங்க" என்கிறார். நிறுத்த வேண்டாம் மச்சான். நிறுத்தினால் எனக்கு இரண்டு மொழியில் ஏச்சு விழும்.