அந்தோணியாருக்கு நான் இறைத்த மாங்கனி

கோட்டுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய அண்ணி அஞ்சுகம் அவர்களுக்கு, தங்கள் தம்பி மனைவி பங்கஜவல்லி வணங்கி எழுதுவது. காரைக்கால் அம்மையார் புண்ணியத்தில் நானும் உங்கள் தம்பியும் மகள் நித்யஸ்ரீயும் இங்கே சுகம். சென்னையில் தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், மாடித் தொட்டியில் நட்ட கத்தரிச் செடியும் சுகமாயிருக்க வேண்டும்.

நேற்று போனில், "பள்ளிக்கூடத் திருவிழாவுல கல்லெறியுறாங்க, வீடியோ எனக்கே வந்துடுச்சு, இன்னும் அங்கேயே புள்ளைய வச்சிருக்கியா? வெள்ளிக்கிழமை வர்றேன், டிசியை வாங்கி வை, இங்க பெரிய ஸ்கூல்ல சேர்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நீங்கள் பேசும்போது நடுவில் பேச எனக்கு வராது, அதனால்தான் கடிதம். அண்ணி, அது கல் இல்லை, ருமானி மாம்பழம். உருண்டையாக இருப்பதால் வீடியோவில் அப்படித் தெரிகிறது. எறிந்தது நான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நம் அந்தோணியார் கோயில் பள்ளிக்கூடம் சிறியதுதான். மூன்று வகுப்பறை, மழை வந்தால் இரண்டு. ஒன்றாம் வகுப்பு கூட்டல் சொன்னால் அடுத்த அறையில் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும், அதனால் யாருக்கும் கூட்டல் மறப்பதில்லை. தலைமை ஆசிரியை சிஸ்டர் லெயோனி ஒவ்வொரு பிள்ளையும் காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டுவிட்டுத்தான் பாடம் தொடங்குவார்கள். நான் ஐந்தாவதோடு நின்று, மீதியை மளிகைப் பொட்டலக் காகிதத்தில் படித்தவள். அங்கே சாயங்காலம் காத்திருக்கும் நேரத்தில் பின்னத்தைக்கூடக் கற்றுக்கொண்டேன். ஆனால் நித்யஸ்ரீ போன வருடம் முழுக்க வாய் திறக்கவே இல்லை. பெயர் கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள். வீட்டிலும் ஜாடைதான். ஊமையோ என்று நீங்களே கேட்டீர்கள். அன்று நான் எழுந்து அடுப்படிக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன். நம் அம்மையாரிடமும் வேண்டினேன். பிள்ளை படிப்பது அந்தோணியார் இடத்தில் ஆயிற்றே, அவரிடமும் சொல்லிவைப்போம் என்று, "சாமி, எம் புள்ள உங்க பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்தா ஒரு கூடை மாங்கனி இறைக்கிறேன்" என்றேன். நேர்த்திக்கடன் என்றால் நமக்கு வேறென்ன தெரியும்? மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து பழம் இறைப்பதும் கீழே முந்தானை விரித்துப் பிடிப்பதும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை; உங்கள் கல்யாணம் கூடி வந்ததற்கே அத்தை இறைத்தார்களே.

இந்த வருடம் பள்ளி திறந்த வாரம், சிஸ்டர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆடு வகுப்புக்குள் வந்து, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று தாழ்வாக மாட்டியிருந்த வரைபடத்தை மென்றிருக்கிறது. பிள்ளைகள் சத்தமில்லாமல் ரசித்திருக்கின்றன. அப்போது, "சிஸ்டர்! ஆடு நம்ம காரைக்கால திங்குது!" என்று ஒரு குரல். யாருடைய குரல் என்று சிஸ்டருக்கே தெரியவில்லையாம். நித்யஸ்ரீ அண்ணி! நம் நித்யஸ்ரீ!

பிறகு கடனைத் தீர்க்க வேண்டாமா? திருவிழா அன்று சப்பரம் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பும் நேரம் பார்த்து, நானும் மூன்றாம் வகுப்பு அஜ்மீரின் அம்மா பஹீமாவும் கூடையோடு பள்ளிக்கூட மாடியில் ஏறினோம். "கேட்டுட்டு செய்யலாம்ல பங்கஜம்?" என்றாள் பஹீமா. "கேட்டா வேணாம்பாங்க" என்றேன். "அதுவும் சரிதான், முதப் பழம் எம் புள்ள பக்கமா போடு" என்றாள். போட்டேன். அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்கு மேலிருந்து மாம்பழம் விழுந்தால் எந்தச் சாமி என்றா கேட்கத் தோன்றும்? பாட்டுப் பாடியவர்கள் பாட்டை விட்டார்கள், பேண்டு வாசித்தவர் டிரம்மைக் கவிழ்த்து ஏந்தினார், சப்பரம் தூக்கியவர்கள் சாமியைப் பத்திரமாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத் துண்டை விரித்தார்கள். வெளியூரிலிருந்து பிரசங்கத்துக்கு வந்த சாமியாருக்கு நம் வழக்கம் தெரியாது. "கல்லு! கல்லு!" என்று கத்திக்கொண்டு சப்பரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் யாரோ வீடியோ எடுத்து உங்கள் வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இறைத்தது நாற்பது, பிடித்தது முப்பத்தொன்பது, சாமியார் தோளில் பட்டது ஒன்று. அதையும் அவரே சாப்பிட்டார், கணக்கு சரியாகிவிட்டது.

வீடியோ அத்தோடு முடிகிறது. முடியாமலிருந்தால் நீங்கள் போன் செய்திருக்க மாட்டீர்கள். நடுத்தெருவில் அந்தோணியார் தனியாக நிற்கிறார், சிஸ்டர் கூப்பிடுவது யார் காதிலும் விழவில்லை, நான் மாடியில் காலிக் கூடையோடு குனிந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன். அப்போது மைக்கில், "சாமிய ரோட்டுல வுட்டுட்டு என்னா மாம்பழம்? தூக்குங்க! பழம் கெடச்சவங்க கெடைக்காதவங்களுக்குப் பாதி குடுங்க! அம்மா, எறங்கி வா!" என்றது ஒரு குரல். மைக்கைப் பிடித்திருந்தது நித்யஸ்ரீ. சப்பரம் எழுந்தது. நான் இறங்கினேன். பங்குச் சாமியார் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன்; "அடுத்த வருஷம் சொல்லிட்டு ஏறும்மா, சப்பரத்துக்கு ஒரு குடையாவது புடிப்போம்" என்றார்.

அதனால் அண்ணி, டிசி கேட்டு நான் போகவில்லை. என் பிள்ளைக்குக் குரல் கிடைத்த இடம் அது. உங்கள் பெரிய பள்ளிக்கூடத்தில் எல்லாம் இருக்கும், வகுப்புக்குள் ஆடு வராது. கோபித்துக்கொள்ளாமல் வெள்ளிக்கிழமை வாருங்கள், விருந்தாளியாக. பிள்ளையை மட்டும் கேட்காதீர்கள்.

தங்கள் வீட்டில் எந்நாளும் விளக்கெரிய அம்மையாரும் அந்தோணியாரும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
பங்கஜவல்லி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது சிஸ்டர் லெயோனி வந்தார்கள். திருவிழாவிலிருந்து நித்யஸ்ரீ வாயை மூடவில்லையாம். இவள் சொன்னால்தான் பிள்ளைகள் உட்காருகின்றன, எழுகின்றன. சிஸ்டரின் கணக்கில் வேறு தப்புக் கண்டுபிடிக்கிறாளாம். "ஒரு வாரம் மட்டும் எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியுமா பங்கஜவல்லி, எனக்குத் தொண்டை கட்டிடுச்சு" என்று கேட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை தவறாமல் வாருங்கள். பிள்ளையின் துணிப்பை தயாராக இருக்கிறது.