தக்காளி நாத்துக்கு நான் கலந்த மண்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தக்காளி விதை போட மண் கலக்கணும்.

எண்பதுகளோட ஆரம்பம். பெரம்பலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல நான் ஆபரேட்டர். மெட்ராஸ்ல இருந்து மாத்தலாகி வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. எங்க சூப்பர்வைசர் சரோஜா மேடம் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தாங்க. கொல்லையில தக்காளி போடணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை.

"நாத்துதான் மேடம் முக்கியம். மெட்ராஸ்ல நான் வளர்க்காத செடியா?" அப்படின்னு வாயை விட்டேன்.

மெட்ராஸ்ல நான் வளர்த்தது ஒரு மணிபிளான்ட். அதுவும் பாட்டில் தண்ணியில. மண்ணுங்கிற பேச்சே அங்க கிடையாது.

மறுநாளே மேடம் ஒரு விதைப் பொட்டலத்தை என் கையில வச்சுட்டாங்க. "நல்ல ரகம்மா. சொல்லிவச்சு வாங்கினேன். உன்னை நம்பித்தான் குடுக்கறேன்."

யாருக்கு எந்த ஷிஃப்ட்னு போடறது அவங்கதான். நானோ பகல் ஷிஃப்ட் கேட்டு ஒரு மாசமா அவங்க பின்னாடியே சுத்திட்டு இருந்தேன். எப்படி மாட்டேன்னு சொல்றது?

நாங்க வாடகைக்கு இருந்த வீட்டோட சொந்தக்காரம்மா தனக்கோடிகிட்ட யோசனை கேட்டேன்.

"வாசல்ல வச்சீங்கன்னா கோழி கிளறிப்புடும். வூட்டுக்குள்ள சன்னலோரமா வைங்க. செம்மண்ணு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்குன எரு ஒரு பங்கு. அவ்வளவுதாங்க" அப்படின்னாங்க. சொல்லிட்டு, மக பிரசவத்துக்கு விக்கிரமங்கலம் கிளம்பிட்டாங்க.

மூணே பொருள். இதுல தப்பு பண்ண என்ன இருக்கு?

நான் பண்ணினேன். செம்மண் தேடிப் போனவ, வழியில பருத்திக் காட்டுக் கரிசலைப் பார்த்தேன். நல்லா கருகருன்னு இருந்தது. கறுப்பா இருந்தா சத்து அதிகமாத்தானே இருக்கும்னு நானே முடிவு பண்ணி, ஒரு பை அள்ளிட்டு வந்தேன். அதையே ரெண்டு பால் பவுடர் டின்ல ரொப்பி, பாதி விதையைப் போட்டு, தண்ணி ஊத்தினேன்.

முதல் நாள் அல்வா மாதிரி இருந்தது. நாலாம் நாள் காய்ஞ்சு, வெடிச்சு, செங்கல் மாதிரி ஆயிடுச்சு. கரண்டியால குத்தினேன். கரண்டிதான் வளைஞ்சது.

சரி, இந்தத் தடவை சொன்னபடி செய்வோம்னு செம்மண் கொண்டு வந்தேன். மணல் சலிச்சேன். பாக்கி எருதான். தெருக்கோடியில ஒரு ஆட்டுப்பட்டி. மாட்டுச் சாணி மாதிரி நாத்தம் இல்லாம, ஆட்டுப் புழுக்கை மிளகு மாதிரி காய்ஞ்சு, பார்க்கவே சுத்தமா கிடந்தது.

ஆட்டுக்காரர் கேட்டார், "எதுக்குங்கம்மா இது?"

"நாத்து விடறதுக்கு."

"எங்க?"

"வீட்டுக்குள்ளதான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ஒரு சாக்கு நிறைய அள்ளிக் குடுத்தார்.

அம்மியில வச்சு நசுக்கி, மூணையும் கலந்து, டின் அடியில ஆணியால ஓட்டை போட்டு, மீதி விதையைத் தூவினேன். அஞ்சாம் நாள் காலையில பார்த்தா, டின் நிறையப் பச்சை. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ல வேலை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ரெண்டு வாரம் கழிச்சு வந்தவர் டின்னைப் பார்த்துட்டு, "தக்காளி இலை இப்படியா இருக்கும்? புளியங்கன்னு மாதிரி இருக்கே?" அப்படின்னார்.

"இது புது ரகம்" அப்படின்னேன்.

"ஓஹோ" அப்படின்னுட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டார்.

திங்கக்கிழமை ரெண்டு டின்னையும் பஸ்ஸுல மடியில வச்சு ஆபீஸுக்குக் கொண்டு போனேன். மேடத்துக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீங்களாடி, வசந்தா சொன்னதைச் செஞ்சுட்டா" அப்படின்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. நானும் மண் கலவை பத்தி நாலு வார்த்தை பேசினேன். செங்கல் கதையைச் சொல்லல.

அந்த நேரம் பார்த்து லைன்மேன் முருகேசன் அரிவாளோட உள்ள வந்தார். குன்னத்துக்காரர். கையெல்லாம் முள்ளுக் கீறல். டின்னைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார்.

"மேடம், இந்தச் சீமைக்கருவையை எதுக்கு டப்பாவுல வச்சிருக்கீங்க?"



"தக்காளிங்க" அப்படின்னேன்.

"தக்காளியா? லைன்ல உரசுதுன்னு மாசம் பூரா இதைத்தாங்க வெட்டிட்டு இருக்கேன். இப்பகூட எட்டு மரம் வெட்டிட்டுத்தான் வரேன். இங்க நம்ம ஆபீஸ்லயே நாத்து விடறீங்களா?"

அவர் கோபமாக் கேக்கல. நிஜமாவே வருத்தமாக் கேட்டார். அதுதான் தாங்க முடியல.

ஆடு அந்தக் கருவை முள்ளு மரத்தோட காய்ஞ்ச காயை, அதான் நெத்தை, திங்கும், கொட்டை சேதமில்லாம புழுக்கையோட வெளிய வந்துடும், நல்லா மக்காத எருவைப் போட்டா அதுதான் முதல்ல முளைக்கும்னு அவரே விளக்கிச் சொன்னார்.

மேடம் மெதுவாக் கேட்டாங்க. "ஏம்மா, ஒரு தக்காளிகூடவா முளைக்கல?"

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னு ஞாபகம் வந்தது. நடுவுல வேற மாதிரி இலையோட மெலிசா ஏழெட்டு முளைச்சிருந்தது. களைன்னு நெனச்சு நான்தான் ஒவ்வொண்ணாத் தேடிப் பிடுங்கிப் போட்டேன்.

"இல்லீங்க மேடம்" அப்படின்னேன்.

முருகேசன் ரெண்டு டின்னையும் எடுத்துட்டுப் போய்க் கொல்லைப்புறம் கவுத்துட்டு வந்தார். பகல் ஷிஃப்ட் பத்தி நான் ரெண்டு மாசத்துக்கு வாயே திறக்கல.

அடுத்த சந்தையில மேடம் தக்காளி நாத்து வாங்கினாங்க. பெரிய மனசு, என் மேஜையிலயும் ஒரு கட்டு வச்சிருந்தாங்க. அதுல நூல் போட்டு ஒரு சீட்டு கட்டியிருந்தது: "வசந்தா, இதுதான் தக்காளி."