யார்டு ஆட்கள் நாற்பது பேர் போட்ட மார்க்

கும்மிடிப்பூண்டி
20.8.2008

மரியாதைக்குரிய மச்சான் ஏகாம்பரம் அவர்கள் சமூகத்துக்கு, சடையப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் கெங்கம்மாளும் எங்கள் தகரக் கூரையும் நலம். ஊத்துக்கோட்டையில் நீங்களும், என் தங்கை செல்வியும், மழை வந்தால் மட்டும் பேசுகிற உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டியது.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் பரத் உதவி டைரக்டராக வேலை செய்த முதல் படத்தை நான் பார்க்கவில்லை. தியேட்டருக்குப் போனேன், டிக்கெட்டைக் கிழித்தார்கள், உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு எங்கள் இரும்பு மில் யார்டு ஆட்கள் நாற்பது பேரைக் காலைக் காட்சிக்கு நானே ஓட்டிக்கினு போனேன். உள்ளே ஏசி. மருமகன் பேரைத் திரையில் பார்த்து எல்லாரும் கை தட்டினோம். அடுத்து நான் கண்ணைத் திறந்தபோது பெருக்குகிற அம்மா என் காலைத் தூக்கச் சொன்னார்கள். பக்கத்து சீட்டு ஜோசப்பிடம் முடிவு என்ன என்று கேட்டேன். அவர் என்னிடம் கேட்டார். ஆனாலும் நல்ல படம், மச்சான். எங்கேயும் சத்தம் போட்டு எழுப்பவில்லை.

படம் மட்டும் என்றால் விட்டுவிடலாம், நம் பிள்ளை கல்யாணமே அதில் மாட்டிக்கொண்டிருந்தது. பரத்துக்கு நர்மதாவைக் கேட்டு நான் எத்தனை தடவை நடந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நர்மதாவின் அப்பா கன்னியப்பன், பக்கத்து மில்லில் முப்பது வருஷம் என்னைப் போலவே பழைய இரும்பைத் தரம் பிரித்து ரிட்டயர் ஆனவர். சினிமாக்காரனுக்கா பெண் என்று இழுத்துக்கொண்டே இருந்தவர், கடைசியில், கம்ப்யூட்டரில் உலகமே படத்துக்கு மார்க் போடுகிறதாம், அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அதைப் பார்த்துச் சொல்வான், மார்க் நன்றாக இருந்தால் பெண் உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். அமெரிக்கா பார்ப்பதற்கு முன் நாம் பார்ப்போம் என்று பஜாரில் மொஹசின் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். படத்தின் பேரைத் தட்டியதும் பக்கத்திலேயே மார்க் வந்தது. பத்து. தலையில் அடித்துக்கொண்டேன். ஏன் என்கிறீர்களா, எங்கள் யார்டுக்கு லாரி வந்தால் நான் மேலே ஏறிப் பார்த்து சாக்பீஸால் நம்பர் எழுதுவேன். ஒன்று என்றால் சுத்தமான கனத்த இரும்பு, நேராக உலைக்குப் போகும். நாலு, ஐந்து என்றால் துரு. பத்து என்றால் பெயின்ட் டப்பாவும் மண்ணும், லாரியைத் திருப்பு. என் மருமகன் படத்துக்குப் பத்தா? இத்தனைக்கும் மார்க் போட்டிருந்தது நாலே பேர். நாலு பேருக்கு இவ்வளவு கொழுப்பு என்றால் நாங்கள் நாற்பது பேர் இருக்கிறோம் என்று மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் யார்டையே மொஹசின் கடை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டேன். ஆளுக்கொரு ஈமெயில் உண்டாக்கிக் கொடுத்து அவருக்கு விரலே தேய்ந்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒண்ணா? நல்லா ரோசிச்சுக்கினியாண்ணே?" என்றார்.

"ஒண்ணுக்கு மேல எங்களாண்ட எதுவும் கெடையாது. நீ அமுக்கு, பாய்."

"பாத்தவங்க நீங்க, எனக்கு இன்னா" என்று அமுக்கினார்.

இரண்டு நாள் கழித்து பரத் கோடம்பாக்கத்திலிருந்து போன் செய்தான். "மாமா, எவனோ நாப்பது பேரு சேந்துகினு எங்க படத்தக் காலி பண்ணிட்டானுங்க. பத்துல இருந்துச்சு, ஒண்ணு புள்ளி எட்டுக்கு வந்துடுச்சு. யாருன்னு கண்டுபுடி மாமா" என்றான். கண்டுபிடிக்கிறேன் கண்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் பத்துதான் உசத்தியாம், ஒன்று கடைசியாம். முதலில் பத்து போட்ட நாலு பேர் யார் என்று கேட்டேன். டைரக்டர், டைரக்டர் சம்சாரம், கேமராமேன், நாலாவது நம்ம பரத்தேதான். படத்தை எடுத்த நாலு பேர், அதில் தூங்கின நாற்பது பேர், மார்க் போடுகிற உலகம் இவ்வளவுதான் மச்சான். இதை நம்பி அமெரிக்காவில் ஒருவர் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்.

சரி, காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அதில் மைசூர்பாகைத் திணித்துவிட்டார். மகன் போன் செய்து, ஒன்று புள்ளி எட்டுதான்பா என்று இழுத்திருக்கிறான். இவர் சந்தோஷத்தில் மீதியைக் கேட்காமலே போனை வைத்திருக்கிறார். "முப்பது வருசம் யார்டுல நின்னேன், சடையப்பா. ரெண்டுக்குள்ள வந்த சரக்க நாலு வாட்டிதான் பாத்துகிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. இன்னொரு மைசூர்பாகையும் தின்றுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். வருகிற 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக முடிவு. நீங்கள் வேன் சொல்லிவிடவும். யாராவது கேட்டால் நம் படம் ஒன்றாம் நம்பர் என்றே சொல்லவும், பொய் இல்லை.

செல்விக்கு என் அன்பு, பரத்துக்கு என் ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு கெங்கம்மாள் கொடுத்தனுப்பும் தைலம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சடையப்பன்

பி.கு.: ஸ்டாம்ப் வாங்க மறந்து இந்தக் கடிதம் ஆறு நாள் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. அதற்குள் ஜோசப்புக்கு மனசு உறுத்தி, பாவம் பிள்ளை உழைப்பாச்சே என்று நாற்பது பேரும் மறுபடி மொஹசின் கடைக்குப் போய் ஒன்றைப் பத்தாக மாற்றிவிட்டோம். அமெரிக்கா மகன் உடனே அப்பாவுக்குப் போன் செய்து, பத்து என்று சொல்லியிருக்கிறான். நேற்று கன்னியப்பன் சைக்கிளில் வந்தார், இறங்கவில்லை. பத்துதான் உசத்தி என்று பொறுமையாக விளக்கினேன். "அப்ப ஒண்ணு புள்ளி எட்டுக்கு எங்க ஊட்ல ரெண்டு மைசூர்பாகு துன்னியே, அது எந்தக் கணக்கு?" என்று கேட்டார். அவர் போய்விட்டார். எனவே வேன் சொல்ல வேண்டாம். தட்டுக்கு வாங்கிய இரண்டு தார் வாழைப்பழமும் முன்கூட்டியே பழுத்துவிட்டதால் யார்டில் ஆளுக்கு நாலு கொடுத்தேன். பழத்துக்கு எல்லாரும் மார்க் ஒன்று போட்டார்கள்.