ஒன்றாம் வகுப்பு 'பி' பிரிவின் மகத்தான பாடத்திட்டம்

இந்நாட்டின் கல்விச் சரித்திரத்தை யாராவது நேர்மையாக எழுத உட்கார்ந்தால், ஆம்பூரிலுள்ள அந்தத் தனியார் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு முழுதாக ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை பெரிது என்பதால் பள்ளியைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்காது.

வஹீதாவின் மகள் அஃப்ஷா அங்கே எட்டு மாதமாகப் படிக்கிறாள். வஹீதா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். ஒருநாள் மகளிடம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "இதுல இன்னா எழுதியிருக்கு, படி கண்ணு" என்றாள். அஃப்ஷா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைகட்டி நிமிர்ந்து நின்று, "நாங்கள் விளையாட்டு வழியே மகிழ்ச்சியாகக் கற்கிறோம்" என்றாள். வஹீதா பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தான்தான் படிக்கவில்லை, இவளாவது நாலு எழுத்துப் படித்துத் தோல் நாற்றத்திலிருந்து தப்பிக்கட்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

"மிஸ், எட்டு மாசமாச்சு. இவளுக்கு 'அ'கூடத் தெரியல."

வகுப்பாசிரியை உமைமா புன்னகைத்தார். "எழுத்தெல்லாம் தானா வந்துடும்மா. இப்ப அடித்தளம் போட்டுக்கிட்டு இருக்கோம். நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேற."

அடித்தளம் கண்ணெதிரிலேயே போடப்பட்டது.

"பாத்ரூம்ல?" என்றார் உமைமா, குழந்தைகள் பக்கம் திரும்பி, அதிகாரியின் குரலில்.

"தண்ணி வருது, சார்!" என்றன நாற்பது குரல்கள்.

"மிஸ் அடிப்பாங்களா?"

"அன்பா சொல்வாங்க, சார்!"

"பொம்மை?"

"தினமும் விளையாடுவோம், சார்!"

'தினமும்' விளையாடும் பொம்மைகள் அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன.

வஹீதாவுக்கு இந்த ராகம் பழக்கமானதுதான். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியை ஆடிட் செய்ய வருவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் சர்தார் பாஷாவும் இப்படித்தான் வரிசையாக நிறுத்தி வைத்து, "ஓவர்டைம்?" என்பார். "இஷ்டப்பட்டாதான், சார்!" என்று மொத்தப் பிரிவும் கத்தும். ஆடிட் அன்று ஆளுக்கு ஒரு ஜோடி புதுக் கையுறை கிடைக்கும். பையரின் கார் கேட்டைத் தாண்டியதும் எண்ணி வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

அந்த நேரத்தில் தாளாளர் தமிழ்வேந்தன் உள்ளே வந்தார். "நல்லதாப் போச்சும்மா. நாளைக்கு நமக்கு ஒரு 'திருப்தியடைந்த பெற்றோர்' தேவைப்படுது. நீங்களே வந்துடுங்க. சொல்ல வேண்டியத மிஸ் சொல்லித் தருவாங்க."

வஹீதா உடனே தலையாட்டினாள். மனதுக்குள், 'வா மவனே, அதிகாரி எதிர்லயே எல்லாத்தையும் போட்டு உடைக்கிறேன்' என்று கறுவிக்கொண்டாள். இரவெல்லாம் அதையே சொல்லிப் பார்த்தாள்.

அதிகாரி வந்தார். அஃப்ஷாவின் மடியில் எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு பொம்மை இருந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் எல்லாப் பதிலையும் பிசகாமல் சொன்னாள். அதிகாரி ஃபைலைப் புரட்டிவிட்டு வஹீதாவின் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு நல்லாப் படிக்கிறாளாம்மா? ஏதாவது குறை இருக்கா? பயப்படாம சொல்லுங்க."

'பயப்படாம சொல்லுங்க' என்று பையரும் கேட்பார். ஃபைலையும் பேனாவையும் பார்த்ததும் வஹீதாவின் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. முகவாய் நிமிர்ந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு, சார். ஒரு குறையும் இல்ல, சார்."

அதிகாரி 'டிக்' போட்டார். தமிழ்வேந்தன் கண் கலங்கினார். வஹீதாவுக்குத் தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஜீப் கேட்டைத் தாண்டியது. உமைமா பொம்மைகளை எண்ணி வாங்கினார். நாற்பது குழந்தைகளில் ஒன்றுகூட அழவில்லை. அழக் கூடாது என்ற பாடம் ஜூன் மாதமே நடத்தி முடிக்கப்பட்டிருந்தது. வெறுங்கையோடு ஓடிவந்த அஃப்ஷா அம்மாவின் புர்காவைப் பிடித்துக்கொண்டு, பெருமை தாங்காமல் கேட்டாள்:

"அம்மி, ஒரு தப்புகூட இல்லாம சொன்னியே! உனக்கு எந்த மிஸ் சொல்லிக் குடுத்தாங்க?"