ஆளைத் தெரிந்து எண்ணும் மெஷின்

பெர்னார்டைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். லீவு போட்டுவிட்டுப் படுத்திருப்பேன். மானம் மிஞ்சியிருக்கும்.

நானும் பெர்னார்டும் பெங்களூர் கோரமங்களாவில் ஒரே அமெரிக்கக் கம்பெனியில் டிரைவர்கள். வீடு ஈஜிபுராவில், ஒரே சந்து. ஆனால் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. 2001இல் புது ஏ.சி. கார் வந்தபோது சாவி எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். நான்தான் சீனியர். பெர்னார்டுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும். அதில் மூன்று, 'குட் மார்னிங் சார்.' அதற்கே சாவி அவன் கைக்குப் போனது. எனக்குப் பழைய வேன். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அவன் கல்யாணத்தில் எனக்கு வைத்த பிரியாணியில் பீஸ் இல்லாமல் போனதுகூட ஞாபகம் இருக்கிறது.

2007இல் கம்பெனிக்கு எங்கள் உடம்பின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாருக்கும் தொப்பை விழுந்துவிட்டதாம். ஆபீசர் ரக்ஷிதா மேடம் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். உலகம் பூராவும் இருக்கிற எங்கள் ஆபீஸ்களில் நூறு நாள் நடைப் போட்டி. டிரைவர், செக்யூரிட்டி, கேன்டீன் எல்லாரும் உண்டு. ஆளுக்கு ஒரு சின்ன மெஷின். தீப்பெட்டி அளவுதான். இடுப்பில் மாட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும். தினமும் காலையில் முந்தின நாள் கணக்கை ஆபீஸ் கேட்டில் இருக்கிற புத்தகத்தில் எழுத வேண்டும். டிரைவர்களில் ஜெயிக்கிறவன் போட்டோ ரிசப்ஷன் சுவரில் மாட்டப்படும். கதவு அளவுக்கு.

பெர்னார்ட் என்னைப் பார்த்துச் சிரித்தான். அங்கேயே எடுத்ததுதான் அந்தச் சபதம்.

ஆனால் டிரைவருக்கு ஏது நடை? வேனிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து வேன். முதல் நாள் எண்ணூற்றுச் சொச்சம்தான் வந்தது. எங்கள் வீட்டில் நடக்கிற ஆள் ஒருத்திதான். என் மனைவி லட்சுமம்மா. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீருக்குத் தெருக்குழாய்க்கும் மூன்றாவது மாடிக்கும் ஏறி இறங்குவாள். ரேஷன், மார்க்கெட், மாவு மில், எல்லாம் அவள் கால்தான். மறுநாள் காலையில் மெஷினை அவள் இடுப்பில் சொருகினேன்.

"இன்னாங்க இது?"

"கம்பெனில குடுத்தாங்க. பொம்பளைங்க இடுப்புல வெச்சா சுகர் வராதாம்."

"உங்க கம்பெனிக்கு என் சுகர் மேல இன்னா அக்கறை?"

"அமெரிக்காக்காரன் நல்லவன்டி."

"அப்படியா? பத்தொம்போது வருஷத்துல எனக்குத் தலைவலின்னா கூட ஒரு மாத்திரை வாங்கியாந்து குடுத்ததில்ல நீங்க. அவன் பாரு, கடல் தாண்டி இருந்துக்கிட்டு என்னை நினைக்கிறான்."

சாயந்திரம் ஆசையோடு எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

"இன்னாடி, நாளெல்லாம் படுத்துக் கெடந்தியா?"

"பத்துக் குடம் தண்ணி எடுத்தேன். மார்க்கெட்டு போனேன். அடுத்தாப்ல மாவு மில்லு."

மறுநாள் ஐம்பத்தொன்று. மூன்றாம் நாள் நாற்பத்துநாலு. அன்றைக்கு வேறு வழியில்லாமல் போட்டியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க ஆபீஸ் வாசல்ல யார் விரல வெச்சாலும் கதவு தொறக்குமா?"

"அது எப்படி? அவனவன் விரலுக்குத்தான் தொறக்கும். போன வருஷம் ஒருத்தன் கூட்டாளிக்காக விரல் வெச்சான். குய்யின்னு கத்துச்சு. வேலையே போச்சு."

"இதுவும் அந்தக் கம்பெனி மெஷின்தானே? உங்க பேர்ல குடுத்திருக்காங்க. ஆளைத் தெரிஞ்சுதான் எண்ணும்."

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் விரல் மெஷின் கத்தியதைக் காதால் கேட்டவன். நம்பிவிட்டேன். சோதித்தும் பார்த்தேன். நானே மாட்டிக்கொண்டு எங்கள் சந்தில் ஒரு சுற்று சுற்றினேன். ஒழுங்காக எண்ணியது!

"பார்த்தீங்களா?" என்றாள்.

"இப்ப நான் எங்கடி போய் நடக்கறது? ரோடு பூரா நாயி."

"ரோட்டுக்கு எதுக்குப் போறீங்க? நாளைக்குத் தண்ணி வருது. மாடி ஏறி எறங்கினா நடை தானா வரப்போவுது. வேணாம்னா விடுங்க. குளோரியா வீட்டுக்காரரு நாளைக்கே ஆரம்பிக்கிறாராம்."

குளோரியா, பெர்னார்டின் மனைவி. நாங்கள் இரண்டு பேரும் பேசாத ஆறு வருஷமும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். எங்கள் பங்குக்கும் சேர்த்து.

காலையில் குடத்தோடு இறங்கினேன். குழாயடியில் பெர்னார்ட் நின்றான். கையில் ஒரு குடம், தோளில் ஒரு குடம். இடுப்பில் மெஷின். நான் வீட்டுக்குப் போய் இன்னொரு குடம் எடுத்து வந்தேன்.

அன்றிலிருந்து என் வாழ்க்கை படியும் குடமும்தான். தண்ணீர் வராத நாளில் ரேஷன். ரேஷன் இல்லாத நாளில் மாவு மில். கேஸ் சிலிண்டரைக்கூட உருட்டிக்கொண்டு வந்தேன். லட்சுமம்மா மேலே நின்று பார்ப்பாள். "பெர்னார்ட் அண்ணன் இன்னிக்குப் போர்வை எல்லாம் துவைச்சு மாடில காயப்போட்டாரு" என்பாள். அவ்வளவு போதும். எங்கள் வீட்டுப் போர்வையும் நனையும். கேட் புத்தகத்தில் பெர்னார்ட் பன்னிரண்டாயிரம் எழுதினால் நான் பதிமூன்று எழுதினேன். மறுநாள் அவன் பதினாலு.

ஒரு விஷயம் சொல்கிறேன். வெளியில் சொல்லாதீர்கள். ஒரு நாள் எட்டாவது குடத்தோடு இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. நாற்பத்துநாலு படி. பத்தொன்பது வருஷம் அவள் இதில் ஏறியிருக்கிறாள். மசக்கை மாதம், காய்ச்சல் நாள், எதுவும் பார்க்காமல். ஒரு குடத்தை இப்படிக் குடு, நான் தூக்கறேன் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேலே உட்கார்ந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மேலே போனதும், "இன்னும் ரெண்டு குடம் இருக்குது" என்றாள். சொல்லாமல் இறங்கிவிட்டேன். அதுவும் ஒரு வருத்தம்.

நூறாவது நாளுக்கு மறுநாள் விழா. குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பெரிய திரையில் புனே ஆபீஸ், சென்னை ஆபீஸ், அமெரிக்காவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை. ரக்ஷிதா மேடம் மைக்கில் பேசினார். மற்ற ஊர்களில் டிரைவர்கள் இரண்டே வாரத்தில் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பெங்களூரில் மட்டும் இரண்டு பேர் நூறு நாளும் நடந்தார்களாம். "ஃபர்ஸ்ட் ப்ரைஸ், ஆதிகேசவன்!"

நான்தான். இருநூற்றுப் பன்னிரண்டு அடி வித்தியாசம். பெர்னார்டின் முகத்தைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு செரித்தது.

அத்தோடு முடிந்திருக்கக் கூடாதா? ரக்ஷிதா மேடம் லட்சுமம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார். ஏறுகிறவள், "சித்த இத வெச்சுக்கோங்க" என்று கைப்பையை என் கையில் திணித்தாள்.

"ஹேளி அம்மா, சொல்லுங்க, இவரை எப்படி நூறு நாள் நடக்க வெச்சீங்க? எங்களால யாரையும் பத்து நாள்கூட நடக்க வைக்க முடியல."

லட்சுமம்மா மைக்கைப் பிடித்தாள். பிறந்ததிலிருந்து மைக்கோடு இருந்தவள் மாதிரி.

"மொதல்ல என் இடுப்புலதான் கட்டினாரு மேடம். சுகர் வராதுன்னு பொய் சொன்னாரு. குளோரியா இங்கிலீஷ் படிச்சவ. மெஷினோட வந்த சீட்டைப் படிச்சு எல்லாம் சொல்லிட்டா. பின்னால ஒரு பட்டன் இருக்குது. அமுக்கினா சைபர் ஆயிடும். இவரு படியேறுற சத்தம் கேட்டதும் அமுக்கிட்டு, கொஞ்சம் வீட்டுக்குள்ள நடப்பேன். முப்பது, நாப்பது வரும். அப்புறம், ஆளைத் தெரிஞ்சு எண்ணுதுன்னு சொன்னேன். நம்பிட்டாரு."

"பெர்னார்டு?"

"அவரு வீட்ல குளோரியா அமுக்கினா."

சிரிப்பு. மேடம் இங்கிலீஷில் சொன்னதும் துரை கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். புனேக்காரர்கள் திரையில் கைதட்டினார்கள். நான் கீழே பார்த்தேன். பெர்னார்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

துரை என்னவோ சொன்னான். மேடம் மொழிபெயர்த்தார். கம்பெனி எத்தனையோ ஆபீசர்களை வைத்து முயற்சி செய்ததாம். ஊழியர்களை ஆர்வத்தோடு பங்கெடுக்க வைக்கத் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தானாம். அடுத்த மாதம் லட்சுமம்மாவும் குளோரியாவும் விமானத்தில் புனே போக வேண்டுமாம். அங்கிருக்கிற டிரைவர்களின் மனைவிகளுக்கு வகுப்பு எடுக்க.

"ஆவட்டும் மேடம். ஒரு வாரம்னாலும் பரவால்ல. வீட்டை இவரு பாத்துக்குவாரு, பழக்கமாயிடுச்சு" என்றாள்.

அப்புறம் போட்டோ எடுத்தார்கள். சொன்னபடி ரிசப்ஷன் சுவரில் மாட்டியும் இருக்கிறார்கள். கதவு அளவுக்கு. நடுவில் லட்சுமம்மாவும் குளோரியாவும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் ரக்ஷிதா மேடம்.

நான் இல்லாமல் இல்லை. இடது ஓரத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை தெரிகிறது பாருங்கள், அது என்னுடையதுதான்.