களஞ்சியத்தைக் கேளுங்கள்

"உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லுங்க சார். அவசரமே இல்லை, அஞ்சு நாள் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் புது அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

களஞ்சியம் தொண்டையைச் செருமினார். கருவி அதையும் பதிவு செய்துகொண்டது.

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஆவண அறைப் பொறுப்பாளரான அவர் எல்லாருக்கும் களஞ்சியம்தான். எந்த மாடலுக்கு எந்தக் கம்பி, எந்தக் கடிதம் எந்தக் கோப்பில், எதைக் கேட்டாலும் "அஞ்சு நிமிஷம் குடுங்க" என்பார். ஆவண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பதிலோடு வெளியே வருவார். பத்தொன்பது வருடத்தில் ஒரு பதில்கூடத் தப்பியதில்லை.

இப்போது கம்பெனியில் 'அறிவு மேலாண்மை' என்று ஒரு புதுப் பிரிவு. ஊழியர்களின் தலைக்குள் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. முதலில் மாட்டிய தலை களஞ்சியத்தினுடையது. வேலை நல்லபடியாக முடிந்தால் அந்தப் பிரிவுக்கே அவர்தான் தலைவர். தலை காலி என்று தெரிந்தால் ஆவண அறைக்குப் பூட்டு, அவருக்கு வீடு. கடிதத்தில் இவ்வளவு பச்சையாக எழுதவில்லை, ஆனால் அர்த்தம் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், தலை நிஜமாகவே காலி.

அறைக்குள் போய் அவர் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. வீட்டுக்குப் போன் போடுவார். அவர் மனைவி கல்யாணத்துக்கு முன் இதே ஆவண அறையில் நாலு மாதம் வேலை பார்த்தவள். "யார் கேக்கறாங்க?" என்பாள். சொல்வார். "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுப் பதிலைச் சொல்லிவிடுவாள். நாலே மாதத்தில் ஒரு கம்பெனியையே தலையில் ஏற்றிக்கொண்டவளா என்று களஞ்சியம் மலைத்துப்போவார். அந்த மலைப்பில்தான் பத்தொன்பது வருடமாக வீட்டுப் பாத்திரம் முழுவதையும் அவரே தேய்க்கிறார்.

"எனக்கு இப்படிப் பொத்தாம்பொதுவா சொல்ல வராது மேடம். கேள்வி வந்தாத்தான் பதில் வரும்," என்றார்.

"ரொம்ப நல்லது. கேள்வி வரும்போது நான் பக்கத்துலயே இருக்கேன்." அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நிமிடத்தில் உதிரிபாகப் பிரிவுக்காரர் வந்தார். "சார், பழைய எட்டுப் பேர் லிஃப்ட்டுக்குக் கதவுச் சக்கரம் என்ன சைஸ்?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க."

களஞ்சியம் எழுந்தார். அதிகாரியும் எழுந்தாள். ஆவண அறைக்குள் அவர் நுழைய, பின்னாலேயே அவளும் நுழைந்தாள். "நீங்க எப்படித் தேடறீங்கன்னு பாக்கணும் சார். அதுதான் முக்கியம்."

களஞ்சியத்துக்கு வியர்த்தது. "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன் மேடம்."

திரும்பி வந்தபோது உதிரிபாகக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "நல்லவேளை, இங்க வந்தேன். இப்பத்தான் தகவல் வந்துச்சு, எங்க பிரிவுக்கு யாரோ வாடிக்கையாளர் போன் பண்ணினாராம், எல்லாரும் டிராயரைக் குடைஞ்சுகிட்டு இருக்காங்களாம். அந்த இரைச்சல்ல மனுஷன் இருக்க முடியுமா?"

"நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்," என்றார் களஞ்சியம்.

"அடேங்கப்பா!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அவர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் களஞ்சியம் பதினோரு தடவை பாத்ரூம் போய்விட்டார். அதிகாரி ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சார், உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாள்.

விஷயம் இயக்குநர் காதுக்குப் போயிற்று. இப்படிப்பட்ட தலையை இழக்க முடியுமா? உடனே கம்பெனி டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். இனிமேல் பாத்ரூமுக்குத் தனியாகப் போகக் கூடாது, கூடவே வாட்ச்மேன் போய்க் கதவருகே நிற்கவேண்டும் என்று உத்தரவு.

புதன்கிழமை களஞ்சியம் காதில் சின்ன இயர்போனைச் செருகி, மேலே பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தார். கேட்டவர்களிடம் காதுவலி என்றார். ஏற்பாடு அருமையாக இருந்தது. சட்டைப்பைப் போன் வழியாகக் கேள்வி வீட்டுக்குப் போய்விடும், அவர் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். மனைவி சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பிப்பார். மத்தியானம்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

"நானூறாம் மாடல்ல பிரேக் சத்தம் போடுது சார், என்ன செய்யணும்?" என்று கேட்டார் சர்வீஸ்காரர்.

களஞ்சியம் கண்ணை மூடினார். "முதல்ல மெயின் சுவிட்சை அணைக்கணும். பிரேக் மூடியைக் கழட்டணும். ஐயையோ, பொங்குது பொங்குது. அடுப்பைக் குறைக்கணும். ஈரத்துணியால துடைக்கணும்."

அதிகாரி தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை கை முழுக்கக் கிரீஸோடு இரண்டு சர்வீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். "சார், மேல ஏறி, கீழ இறங்கி, எல்லா இடத்துலயும் தேடிட்டோம். நானூறாம் மாடல்ல அடுப்பு எங்க இருக்கு?"

அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. ஐந்தாவது மாடியிலிருந்து இயக்குநர் போன் செய்தார். "அடுப்பா? லிஃப்ட்லயா? அங்கேயே இருங்க, நானே வர்றேன்!"

வந்தார். பாதிவரை வந்தார். கம்பெனியின் பழைய லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிட்டது.

லிஃப்ட் செய்யும் கம்பெனியின் முதலாளியே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். கட்டடமே கூடிவிட்டது. எல்லாரும் யோசனை சொன்னார்கள், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உள்ளேயிருந்து இயக்குநரின் குரல் கேட்டது. "என்னய்யா பேசிக்கிட்டு இருக்கீங்க? களஞ்சியத்தைக் கேளுங்கய்யா!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

களஞ்சியத்துக்கு அந்த நிமிடத்தில் எல்லாமே வெறுத்துவிட்டது. வேலை போனால் போகட்டும், ஒரு மனிதர் உள்ளே மூச்சுத்திணறிக்கொண்டிருக்கிறார். அத்தனை பேர் எதிரிலும் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார், போனை எடுத்தார்.

"டைரக்டர் பழைய லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார். கையால எப்படி இறக்கறதுன்னு கேக்கறார். சீக்கிரம் சொல்லும்மா!"

"டைரக்டரா? ஐயையோ! இருங்க, யோசிச்சுச் சொல்றேன்."

"யாருக்கு சார் போன் பண்ணீங்க?" என்றாள் அதிகாரி.

"என் மனைவிக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். பத்தொன்பது வருஷமா அவதான் சொல்றா, நான் ஒப்பிக்கறேன்."

அதிகாரி வாயைப் பிளந்தபடி நின்றாள். கையிலிருந்த கருவி கீழே விழுந்தது. எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. உதிரிபாகக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நிசப்தத்தில் லிஃப்ட்டுக்குள் இயக்குநரின் போன் அடித்தது. அவர் யாரிடமோ கத்துவதும், பிறகு முணுமுணுப்பதும் அரைகுறையாகக் கேட்டது.

களஞ்சியத்தின் போன் அடித்தது. "மோட்டார் ரூம்ல, கதவுக்குப் பின்னாடி, மஞ்சள் கைப்பிடி ஒண்ணு மாட்டியிருக்காம். அதை மெதுவா வலது பக்கமா சுத்தணுமாம்," என்றாள் மனைவி.

சர்வீஸ்காரர்கள் மேலே ஓடினார்கள். மஞ்சள் கைப்பிடி அதே இடத்தில் இருந்தது. லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கிற்று. இயக்குநர் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார்.

"மாட்டிக்கிட்டுத் தவிக்கறவனுக்கு வாடிக்கையாளர் போன் வேற! என்ன கேட்டான், என்ன சொன்னேன்னே தெரியலை, வாய்க்கு வந்ததைச் சொல்லி வெச்சேன். போகட்டும். களஞ்சியம், என் உயிரைக் காப்பாத்தினீங்க."

"நான் இல்லை சார், என் மனைவி," என்று களஞ்சியம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

இயக்குநர் அதிர்ந்துபோய்ப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு மாசம் வேலை பாத்த பொண்ணுக்கு மஞ்சள் கைப்பிடிவரைக்கும் தெரியுதா? அந்த முறையை எழுதினவன் நான். எனக்கே ஞாபகம் இல்லையேய்யா!" சட்டென்று எழுந்தார். "காரை எடுங்க. அந்த அம்மாவை உடனே கூட்டிட்டு வாங்க. இந்தப் பிரிவுக்கு இனிமே அவங்கதான் தலைவர்."

களஞ்சியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை வீட்டிலேயேதான் இருக்கப்போகிறது. பெருமையோடு மனைவிக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவள் "ஐயோ!" என்று கத்திவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாள்.

இரண்டே நிமிடத்தில், கீழ்த்தளத்து டெலிபோன் ஆபரேட்டர் அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"களஞ்சியம் சார் வீட்டு அக்காவைக் கூப்பிடாதீங்க சார், அங்க அழுதுகிட்டு இருக்காங்க," என்றார் அவர். "அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, இங்க வேலை பாத்த பழக்கத்துல என்னைத்தான் கேப்பாங்க, களஞ்சியம் சார்கிட்ட யார் கேள்வி கேட்டாங்களோ, அவங்க பிரிவுக்கே நான் போன் போட்டு, வாடிக்கையாளர் கேக்கறார்னு சொல்லுவேன், அப்பத்தானே நீங்கல்லாம் தேடிப் பாக்கறீங்க, இப்பக்கூட லிஃப்ட்டுக்குள்ள உங்களுக்குத்தானே சார் போட்டேன்!"